அகராதிக்குள் அகராதி: மாறும் வழியில் மதிப்பை இடும் முறை

கடித உறையின்மேல் எழுதப்படும் முகவரியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று அது சிறியதிலிருந்து பெரியதை நோக்கிச் செல்கிறது. ஆனால் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் அஞ்சல் துறை அதனைக் கீழிருந்து மேலாகவே படிக்கிறது. முதலில் மாநிலம், பின்னர் மாவட்டம், அதன்பின் ஊர், தெரு, கதவு எண் என்ற வரிசையில் கடிதம் பயணம் செய்கிறது. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் இதே கொள்கையில் அமைந்ததாகும். அதன் முதல் இலக்கம் நாட்டின் ஒரு மண்டலத்தையும், இரண்டாவது அம்மண்டலத்தின் உட்பகுதியையும், மூன்றாவது கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சல் நிலையத்தையும் காட்டுகின்றன.

பெரிய பிரிவுக்குள் சிறிய பிரிவு, அதற்குள் இன்னும் சிறிய பிரிவு என்று செய்திகளை அடுக்கி வைக்கும் இம்முறையைக் கணிப்பொறியும் பெரிதும் கையாளுகிறது. அவ்வாறு அடுக்கிய செய்திகளுள் ஆழ்ந்த ஓரிடத்திற்குச் சென்று ஒரு மதிப்பை எழுதுவது எங்ஙனம்? அவ்விடத்திற்குச் செல்லும் வழி முன்கூட்டியே தெரியாமல், ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் என் செய்வது? பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வியில் பல நுட்பங்கள் அடங்கியுள்ளன. அவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அகராதி என்பது யாது?

ஒரு சொல்லைத் தேடினால் அதன் பொருளைத் தருவது அகராதி. கணிப்பொறியியலிலும் இப்பெயர் ஏறக்குறைய இதே கருத்தில்தான் வழங்குகிறது. தேடுவதற்கு உதவும் சொல்லைத் திறவுச்சொல் என்றும், அதற்கு எதிரே வைக்கப்பட்டதை மதிப்பு என்றும் கூறுவர். நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ராசம் என்பார் உருவாக்கி 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதான் என்னும் நிரல்மொழியில் இவ்வமைப்புக்கு அகராதி என்றே பெயர். வேறு மொழிகளில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு, தத்துவம் ஒன்றே.

அச்சிட்ட அகராதியில் நாம் அகர வரிசையைப் பின்பற்றித் தேடுகிறோம். கணிப்பொறி பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. திறவுச்சொல்லின் எழுத்துகளை எண்களாகக் கொண்டு ஒரு கணக்கைச் செய்து, அதன் விடையாகக் கிடைக்கும் எண்ணுக்குரிய அறையில் மதிப்பை வைக்கிறது. மீண்டும் தேடும்போது அதே கணக்கைச் செய்து நேராக அந்த அறைக்கே செல்கிறது. இக்கருத்தை 1953 ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் ஓர் அலுவலகக் குறிப்பில் எழுதி வைத்தார். அகராதியில் நூறு சொற்கள் இருப்பினும், பத்து லட்சம் சொற்கள் இருப்பினும், தேடுவதற்குச் சராசரியாக ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றேயாக இருப்பது இம்முறையின் சிறப்பு.

மழைப் பதிவேடு ஓர் எடுத்துக்காட்டு

அகராதியில் வைக்கப்படும் மதிப்பு ஓர் எண்ணாகவோ ஒரு பெயராகவோ மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இன்னோர் அகராதியாகவும் இருக்கலாம். இதற்கு மழைப் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1875 ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வானிலைத் துறை, நாடெங்கும் உள்ள நிலையங்களில் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழையை அளந்து, அந்நாளின் கணக்கில் குறித்து வருகிறது.

இப்பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதாகக் கொள்வோம். வெளி அகராதியில் மாநிலங்களின் பெயர்கள் திறவுச்சொற்கள். மகாராஷ்டிரம் என்று தேடினால் கிடைப்பது இன்னோர் அகராதி. அதில் நகரங்களின் பெயர்கள் உள்ளன. மும்பை என்று தேடினால் மற்றோர் அகராதி. அதில் கொலாபா, சாந்தாகுரூஸ் முதலிய நிலையங்கள் உள்ளன. நிலையத்தினுள் ஆண்டுகள், ஆண்டினுள் மாதங்கள், மாதத்தினுள் நாட்கள். நாளுக்கு எதிரேதான் மழையின் அளவாகிய எண் நிற்கிறது.

2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் மும்பை நகரில் பெய்த பெருமழையை நேயர்கள் நினைவுகூரலாம். ஜூலை 27 ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் நிலையம் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பெய்ததோ 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே நகரில் இத்துணை வேறுபாடு இருந்ததால், எந்த நிலையத்தின் கீழ் எந்த எண் எழுதப்படுகிறது என்பது மிக முக்கியமாகிறது. அணைகளின் மிகுநீர் வழிகளையும் நகரங்களின் வடிகால்களையும் திட்டமிடும் பொறியாளர்கள், இத்தகைய உச்ச அளவுகளைக் கொண்டே தம் கணக்குகளைச் செய்கின்றனர். ஓர் எண் தவறான அறையில் விழுந்தால் ஒரு வடிகாலின் அகலமே தவறாகிவிடக் கூடும்.

வழி மாறினால் வரும் சிக்கல்

மேற்கூறிய 944 என்னும் எண்ணுக்குரிய வழி இது: மகாராஷ்டிரம், மும்பை, சாந்தாகுரூஸ், 2005, ஜூலை, 27. இவ்வாறு வரிசையாக அமைந்த திறவுச்சொற்களை வழித்தொடர் என்று அழைப்போம். இந்த ஒரு வழி மட்டுமே வேண்டுமெனில் நிரல் எழுதுவோருக்குச் சிரமம் எதுவும் இல்லை. ஆறு திறவுச்சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரலிலேயே எழுதி, சமக்குறியின் வலப்புறத்தில் 944 என்று எழுதிவிடலாம்.

ஆனால் நடைமுறை அத்துணை எளிதன்று. சில நிலையங்களுக்கு நாள்வாரிக் கணக்கு உண்டு. சிலவற்றுக்கு மாதக் கணக்கு மட்டுமே உண்டு. மிகப் பழைய பதிவுகள் சிலவற்றில் ஆண்டின் மொத்த அளவே எஞ்சியிருக்கலாம். ஆகவே வழித்தொடரில் சில வேளைகளில் ஆறு சொற்களும், சில வேளைகளில் ஐந்தும், வேறு சில வேளைகளில் நான்கும் இருக்கும். நிரலை எழுதும்போது இந்த எண்ணிக்கை தெரியாது. நிரல் இயங்கும்போதுதான் தெரியும். நான்கு சொல்லுக்கு ஒரு வரி, ஐந்து சொல்லுக்கு ஒரு வரி, ஆறு சொல்லுக்கு ஒரு வரி என்று தனித்தனியே எழுதிக்கொண்டே போவது அறிவுடைமை ஆகாது. எத்துணை நீளமுள்ள வழித்தொடரையும் ஏற்கும் ஒரே முறை நமக்குத் தேவை.

நான்கு படிகள்

அம்முறை பின்வருமாறு. நிரலில் ஒரு சுட்டுவிரல் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவ்விரல் எப்போதும் ஏதேனும் ஓர் அகராதியைச் சுட்டி நிற்கும்.

முதற்படி: வழித்தொடரின் இறுதிச் சொல்லைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: விரலை வெளி அகராதியின்மேல் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: எஞ்சிய சொற்களை வரிசையாக ஒவ்வொன்றாய் எடுத்து, விரல் சுட்டும் அகராதியில் அச்சொல்லைத் தேடி, அதற்கு எதிரே உள்ள அகராதிக்கு விரலை நகர்த்த வேண்டும்.

நான்காம் படி: சொற்கள் தீர்ந்ததும், விரல் நிற்கும் அகராதியில், தனியே வைத்த இறுதிச் சொல்லுக்கு எதிரே புதிய மதிப்பை எழுத வேண்டும்.

சாந்தாகுரூஸ் எடுத்துக்காட்டில் 27 என்பதைத் தனியே வைக்கிறோம். விரல் ஐந்து முறை நகர்ந்து, 2005 ஆம் ஆண்டு ஜூலை மாத அகராதியில் வந்து நிற்கிறது. அங்கு 27 என்ற சொல்லுக்கு எதிரே 944 எழுதப்படுகிறது. வழித்தொடரில் நான்கே சொற்கள் இருந்தால் விரல் மூன்று முறை நகரும். ஒரே சொல் இருந்தால் விரல் நகராது. வெளி அகராதியிலேயே மதிப்பு எழுதப்படும். எல்லா நீளத்திற்கும் படிகள் அவையே.

இம்முறையில் ஆகும் உழைப்பையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,000 நிலையங்களுக்கு 100 ஆண்டுகளின் மாதக் கணக்கு இருப்பதாகக் கொண்டால், பதிவேட்டில் 12 லட்சம் எண்கள் இருக்கும். ஆயினும் அவற்றுள் ஒன்றை மாற்ற விரல் நான்கு முறை நகர்ந்தால் போதும். உழைப்பு வழித்தொடரின் நீளத்தைப் பொறுத்ததே அன்றி, பதிவேட்டின் பருமனைப் பொறுத்தது அன்று.

இறுதிச் சொல்லை ஏன் ஒதுக்க வேண்டும்?

இங்குப் புதிதாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் ஒரு தவறு செய்வர். ஆறு சொற்களையும் பின்பற்றிச் சென்று, விரல் இறுதி இடத்தை அடைந்தபின், 'விரல் = 944' என்று எழுதுவர். நிரல் தடையின்றி ஓடும். கணிப்பொறி பிழை எதுவும் கூறாது. ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அங்கு ஒரு மாற்றமும் இராது.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். அலமாரியில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு சீட்டு. சீட்டில் ஓர் எண். அந்த எண்ணைப் படித்து நம் கையேட்டில் குறித்துக்கொண்டோம். பின்னர்க் கையேட்டிலுள்ள எண்ணை அடித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதுகிறோம். இதனால் பெட்டியிலுள்ள சீட்டு மாறுமோ? மாறாது. எண்ணுக்குத் தான் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது தெரியாது. பெட்டிக்கே தன்னுள் எவை உள்ளன என்பது தெரியும். ஆகவே மாற்ற வேண்டுமாயின் பெட்டியின் அருகில் நிற்க வேண்டும். அதாவது இறுதி இடத்திற்கு ஒருபடி முன்னதாக விரல் நிற்க வேண்டும். படிப்பதற்கு வழித்தொடரின் எல்லாச் சொற்களையும் பின்பற்றலாம். எழுதுவதற்கு ஒன்று குறைவாகப் பின்பற்ற வேண்டும். இம்முறையின் உயிர்நாடி இதுவே எனலாம்.

இல்லாத கிளையை உண்டாக்குதல்

மேற்கண்ட நான்கு படிகளும் வழியிலுள்ள அகராதிகள் அனைத்தும் முன்னரே இருப்பதாகக் கொண்டவை. ஆனால் புத்தாண்டின் முதல் மழைக் கணக்கு வரும்போது, அந்த ஆண்டுக்குரிய அகராதி அங்கு இராது. அப்போது மூன்றாம் படியில் ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டும். தேடிய சொல் இல்லையெனில், அதற்கு எதிரே வெற்று அகராதி ஒன்றை வைத்து, விரலை அதற்கு நகர்த்த வேண்டும்.

இத்தேவை நெடுநாளாக உணரப்பட்டதே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், 1966, 1967 ஆம் ஆண்டுகளில் நோயாளிகளின் குறிப்புகளைப் பேணுவதற்காக மம்ப்ஸ் என்னும் நிரல்மொழி உருவாக்கப்பட்டது. அதில் ஆழ்ந்த ஓரிடத்திற்கு மதிப்பை எழுதினால், இடைப்பட்ட படிநிலைகள் தாமாகவே தோன்றும். பெர்ல் என்னும் மொழியிலும் இவ்வியல்பு உண்டு. பைதான் மொழியில் 'இருந்தால் அதைக் கொடு, இல்லையெனில் இதை வைத்துக் கொடு' என்று கட்டளையிடும் வசதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. தேடிய சொல் இல்லாதபோது தானே ஒரு மதிப்பை உண்டாக்கிக்கொள்ளும் தனிவகை அகராதி 2006 ஆம் ஆண்டில் அம்மொழியில் இடம்பெற்றது.

வசதி உள்ள இடத்தில் ஆபத்தும் உண்டு. தரவுகளைப் பதியும் ஊழியர் சாந்தாகுரூஸ் என்பதைச் 'சாந்தகுரூஸ்' என்று ஒரு கால் விடுபட எழுதிவிட்டதாகக் கொள்வோம். கிளைகளைத் தானே உண்டாக்கும் நிரல் இதனைத் தவறு என்று அறியாது. புதிய நிலையம் ஒன்று வந்திருப்பதாகக் கொண்டு, அப்பெயரில் ஒரு கிளையைப் படைத்து, 944 என்னும் எண்ணை அங்கே வைத்துவிடும். உண்மையான சாந்தாகுரூஸ் கணக்கில் அந்நாள் வெற்றிடமாகவே நிற்கும். பின்னாளில் அந்நிலையத்தின் உச்ச மழையைக் கேட்பவருக்குக் குறைவான விடையே கிடைக்கும். பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றே திருத்தியிருக்கலாம். வராத காரணத்தால் தவறு பல்லாண்டு உறங்கும்.

மேற்சொன்ன தனிவகை அகராதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதில் எழுதும்போது மட்டுமன்றி, வழக்கமான முறையில் படிக்கும்போதும் இல்லாத கிளை தோன்றிவிடும். 'இந்நிலையம் உள்ளதா?' என்று வெறுமனே எட்டிப் பார்த்ததாலேயே அந்நிலையம் உண்டாகிவிடும் என்றால், பதிவேட்டிலுள்ள நிலையங்களை எண்ணுபவர் என்ன விடை பெறுவார்?

ஆகவே எல்லாப் படிநிலைகளிலும் ஒரே விதியைக் கையாளுதல் தகாது. மாநிலம், நகரம், நிலையம் ஆகியவை முன்னரே முடிவு செய்யப்பட்டவை. அவற்றுள் புதிய சொல் வந்தால் நிரல் நின்று எச்சரிக்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள் ஆகியவை இயல்பாக வளர்பவை. அங்குப் புதிய கிளை தோன்ற இடம் கொடுக்கலாம். எந்த மட்டம்வரை கட்டுப்பாடு, எதன்பின் சுதந்திரம் என்பதை நிரல் எழுதுவோர் தெளிவாக வரையறுத்தல் வேண்டும்.

வழியின் நடுவே ஓர் எண் நின்றால்

மற்றொரு நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடாமல், மகாராஷ்டிரம், மும்பை என்ற இரண்டே சொற்களைக் கொண்ட வழித்தொடரில் 944 என்று எழுதிவிட்டார் எனக் கொள்வோம். நான்காம் படியின்படி மும்பை என்ற சொல்லுக்கு எதிரே அந்த எண் வைக்கப்படும். அதற்குமுன் அங்கு இருந்தது யாது? கொலாபா, சாந்தாகுரூஸ் முதலிய நிலையங்களின் பல்லாண்டுக் கணக்குகளைத் தாங்கிய அகராதி. அது முழுவதும் ஒரு நொடியில் மறைந்து, ஓர் எண் மட்டுமே எஞ்சும்.

அதன்பின் வேறொருவர் கொலாபாவின் கணக்கை எழுத முற்பட்டால், விரல் மும்பையை அடைந்ததும் அகராதிக்குப் பதிலாக ஓர் எண்ணைக் காணும். எண்ணுக்குள் எதனையும் தேட இயலாது. இந்நிலையில் சில நிரல்கள் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கு வெற்று அகராதியை வைக்கின்றன, சில நின்றுவிடுகின்றன. நிற்பதே நன்று. முன் கூறிய மம்ப்ஸ் மொழியில் மட்டும் இச்சிக்கல் எழுவதில்லை. அதில் ஒரே கணு தனக்கென ஒரு மதிப்பையும், தன் கீழ்க் கிளைகளையும் ஒருங்கே தாங்க இயலும்.

ஆகவே இரண்டு காவல்கள் தேவை. முதலாவது, வழியின் நடுவே அகராதி அல்லாத ஒன்று நின்றால் எழுதுவதை நிறுத்த வேண்டும். இரண்டாவது, இறுதி இடத்தில் ஏற்கெனவே ஓர் அகராதி இருந்து, நாம் அங்கு எண்ணை எழுத முற்பட்டால், அப்போதும் நிறுத்திக் கேட்க வேண்டும். இங்கு ஓர் ஆறுதலும் உண்டு. வழியில் முதன்முதலாக ஓர் இல்லாத கிளையை உண்டாக்கிய பின்னர், அதற்குக் கீழே உள்ள அனைத்தும் புதியனவே. ஆகவே அதன்பின் முதலாவது வகைத் தடை எழாது. தடை இருப்பின், கிளை எதனையும் உண்டாக்குமுன்னரே தெரிந்துவிடும். இதனால் பாதி வேலையில் நின்று பதிவேட்டைக் குறையாக விட்டுச்செல்லும் நிலை நேர்வதில்லை.

ஒரே அகராதி, இரண்டு பெயர்கள்

பதிவேட்டைத் தொடங்கும்போது, பன்னிரண்டு மாதங்களுக்கும் சுழி இட்ட மாதிரி அகராதி ஒன்றைத் தயாரித்து, அதையே எல்லா நிலையங்களுக்கும் வைத்துவிடுவது சிலரின் வழக்கம். அவ்வாறு வைத்தபின் சாந்தாகுரூஸின் ஜூலை மாதத்தில் ஓர் எண்ணை எழுதினால், கொலாபாவின் ஜூலையிலும் அதே எண் தோன்றும். ஏனெனில் அங்கு இருப்பவை பல அகராதிகள் அல்ல, ஒரே அகராதிதான். இரண்டு கதவுகள் ஒரே அறைக்குத் திறப்பதைப் போன்றது இது. ஒவ்வொரு நிலையத்திற்கும் மாதிரியைத் தனித்தனியே படியெடுத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். அகராதிக்குள் அகராதி இருப்பின், வெளிப்புறத்தை மட்டும் படியெடுத்தல் போதாது. உள்ளே உள்ளவற்றையும் ஆழமாகப் படியெடுக்க வேண்டும்.

பழைய பதிவேட்டைச் சிறிதும் மாற்றாமல், மாற்றம் செய்த புதிய பதிவேட்டைப் பெற வேண்டிய தேவையும் உண்டு. நேற்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். இதற்காகப் பதிவேடு முழுவதையும் படியெடுக்க வேண்டுமோ? வேண்டியதில்லை. வழித்தொடரில் எதிர்ப்படும் அகராதிகளை மட்டும் படியெடுத்து, மற்றக் கிளைகளைப் பழைய பதிவேட்டோடு பங்கிட்டுக்கொண்டால் போதும். ஆறு சொற்கள் கொண்ட வழித்தொடரில் ஆறு அகராதிகளே படியெடுக்கப்படும். ரிச் ஹிக்கி என்பவர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட குளோஜர் என்னும் நிரல்மொழி இக்கொள்கையைத் தழுவியது. வழித்தொடரையும் மதிப்பையும் கொடுத்தால் புதிய அகராதியைத் திருப்பித் தரும் கட்டளை அம்மொழியிலேயே அமைந்துள்ளது.

வழித்தொடரை எழுதும் முறை

வழித்தொடரை எவ்வாறு குறித்து வைப்பது என்பதும் ஆராயத்தக்கது. சொற்களின் நடுவே புள்ளி இட்டு ஒரே நீண்ட சொல்லாக எழுதும் வழக்கம் உண்டு. இது கண்ணுக்கு இனியது. ஆனால் திறவுச்சொல்லிலேயே புள்ளி இருந்தால் குழப்பம் விளையும். 'ஆர்.கே.புரம்' என்ற ஒரே பெயர் மூன்று சொற்களாகச் சிதறிவிடும். ஆகவே நிரலுக்குள் சொற்களைத் தனித்தனி உறுப்புகளாகக் கொண்ட பட்டியலாக வைப்பதே பாதுகாப்பானது.

ஒரே சொல்லாகத்தான் எழுத வேண்டுமெனில், பிரிக்கும் குறியே பெயருக்குள் வந்தால் என் செய்வது என்பதற்கு ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். ஜேசான் என்னும் பொதுத் தரவு வடிவத்திற்காக 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இணையத் தரவிதி ஒன்று இதற்குச் சிறந்த உதாரணம். அதில் ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் முன்னே சாய்கோடு இடப்படுகிறது. பெயருக்குள் சாய்கோடு வந்தால், அலைக்குறியும் ஒன்று என்னும் இலக்கமும் சேர்த்து எழுத வேண்டும். அலைக்குறியே வந்தால், அலைக்குறியும் சுழியும் எழுத வேண்டும். சொற்களே இல்லாத வெற்று வழித்தொடர் முழு ஆவணத்தையும் குறிக்கும் என்றும் அவ்விதி கூறுகிறது. நம் நான்கு படிகளில் வெற்று வழித்தொடருக்கு இடமில்லை; ஒதுக்கி வைப்பதற்கு இறுதிச் சொல் ஒன்று இல்லை அல்லவா? ஆகவே அதனைத் தொடக்கத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடும் மறக்கத்தக்கதன்று. பைதான் மொழியில் 2005 என்ற எண்ணும், '2005' என்று எழுத்தாக எழுதியதும் இரண்டு வெவ்வேறு திறவுச்சொற்கள். ஜேசான் வடிவத்திலோ திறவுச்சொற்கள் எழுத்தாகவே இருக்க வேண்டும். எனவே ஆண்டை எண்ணாகக் கொண்ட பதிவேட்டை அவ்வடிவத்தில் சேமித்து மீண்டும் படித்தால், ஆண்டு எழுத்தாக மாறியிருக்கும். மறுநாள் நிரல் எண்ணாகிய 2005 ஐத் தேடி, அதனைக் காணாமல், புதியதோர் 2005 ஐ உண்டாக்கிவிடும். ஒரே நிலையத்தில் இரண்டு 2005 ஆம் ஆண்டுகள் தோன்றும் விந்தை இவ்வாறே நேர்கிறது. வழித்தொடரைப் பெற்றவுடன் அதன் உறுப்புகள் அனைத்தையும் ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளுதல் இதனைத் தவிர்க்கும்.

அயலார் தரும் வழி

வழித்தொடர் நம் கையில் உருவாகாமல் வெளியார் ஒருவரிடமிருந்து வருமாயின், எச்சரிக்கை இருமடங்காக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டு மொழியில் அகராதியாகப் பயன்படும் பொருள்கள் யாவும் பொதுவானதொரு மூல உருவிலிருந்து தம் இயல்புகள் சிலவற்றைப் பெறுகின்றன. அம்மூல உருவை எட்டுவதற்கென்று தனித் திறவுச்சொல் ஒன்று உண்டு. தீய நோக்கமுடைய ஒருவர் அச்சொல்லை வழித்தொடரில் புகுத்தினால், ஓர் அகராதியில் எழுதியது நிரலிலுள்ள எல்லாப் பொருள்களையும் பாதிக்கும். ஊரின் ஒரு வீட்டுக் குழாயில் இட வேண்டியதை ஊர்ப் பொதுக் குளத்தில் இட்டதற்கு இது ஒப்பாகும். லோடாஷ் என்னும் பரவலாகப் பயன்படும் நிரல் தொகுப்பில் இத்தகைய குறைபாடுகள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. அயலார் தரும் வழியை அப்படியே பின்பற்றாது, அனுமதிக்கப்பட்ட சொற்களோடு ஒப்பிட்டபின் பின்பற்றுவதே முறை.

வழிகளும் மாறுகின்றன

மழைக்குப் புகழ்பெற்ற சிரபுஞ்சியில் 1860 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1861 ஆம் ஆண்டு ஜூலை முடிய, பன்னிரண்டு மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகில் ஓராண்டுக் காலத்தில் பதிவான மிகப் பெரிய அளவு இதுவே. சுதந்திர இந்தியாவில் அவ்வூர் முதலில் அசாம் மாநிலத்தில் இருந்தது. 1972 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் மேகாலயம் தனி மாநிலமானபோது அதனைச் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குச் செல்லும் வழித்தொடர் மட்டும் மாறியது. அசாம் என்ற சொல்லையே நிரலில் நிலையாக எழுதி வைத்திருந்தால், அதன்பின் வந்த மழையெல்லாம் தவறான கிளையில் சேர்ந்திருக்கும். வழித்தொடரை நிரலுக்கு வெளியே, மாற்றத்தக்க செய்தியாக வைத்திருந்தால், பழைய கிளையை ஒருமுறை புதிய இடத்திற்கு மாற்றி, வழித்தொடரின் முதற்சொல்லையும் மாற்றினால் போதும். நிரலில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை. மாறும் வழித்தொடரை ஏற்கும் முறையின் பெரும்பயன் இதுவே.

சுருங்கக் கூறின், ஒருபடி முன்னே நின்று எழுதுக. தேவையான மட்டத்தில் மட்டும் புதிய கிளையை உண்டாக்குக. வழியில் தடை இருப்பின் நின்று கேட்க. வந்த வழியை ஆராய்ந்த பின்னரே பின்பற்றுக. இந்நான்கையும் கடைப்பிடிக்கும் நிரல் சில வரிகளே நீளமுடையதாக இருக்கும். ஆயினும் அச்சில வரிகளின்மீதே, மழைமானியருகே காலை 8.30 மணிக்கு நின்று அளவைக் குறித்தவரின் உழைப்பு, உரிய இடத்தைச் சென்று சேர்வது சார்ந்திருக்கிறது.